விஷத்தை முறிக்கும் இரத்தம்

இராமநாதபுரக் கடற்கரையில் வாழும் மீனவனுக்குப் பகைகள் பல. புயலைப் பற்றி நாம் எழுதுகிறோம். எல்லை தாண்டியதாகச் சொல்லிச் சிறைப் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். டீசல் விலையைப் பற்றி மகஜர் அனுப்புகிறோம். ஆனால், மடியை இழுத்துப் படகில் கொட்டி, மீன் வேறு, இறால் வேறு, நண்டு வேறு என்று கையால் பிரிக்கும் நேரத்தில், குவியலுக்குள்ளிருந்து தலை நீட்டும் ஒரு பிராணியைப் பற்றி எவரும் பேசக் காணோம். அதுதான் கடற்பாம்பு. அதனிடம் கடியுண்டவனுக்கு உரிய விஷமுறி மருந்து நமது தேசத்தில் தயாரிக்கப்படவில்லை. தரைப் பாம்பின் கடிக்கு மருந்து இருக்கிறது. அம்மருந்துக்கு மூலப் பொருளை நாடு முழுமைக்கும் அளிப்பவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளே. அப்படியிருந்தும் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு மட்டும் மருந்து இல்லையென்பது விசித்திரம் அன்றோ? இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் உயிர் கற்ற பாடம் மற்றோர் உயிருக்கு

நோய்க் கிருமியோ விஷமோ உடலில் புகுந்தால், உடல் சும்மா இருப்பதில்லை. இரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்கள் புகுந்த பொருளின் வடிவத்தை அறிந்து, அதற்கு ஏற்றபடி ஒருவகைப் புரதத்தை உற்பத்தி செய்கின்றன. எதிர்ப்பொருள் என்று சொல்லப்படுவது இப்புரதமே. இரண்டு கரங்களும் ஒரு வாலும் உள்ள கவண் போன்ற உருவம் அதற்கு உண்டு. கரங்களின் நுனி விஷத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிய விஷம் நரம்பையோ இரத்தத்தையோ தொட்டுத் தீங்கு செய்ய முடியாமற் போகும். ஆனால் உடல் இப்படைக்கலத்தைச் செய்து முடிக்கப் பல நாட்கள் பிடிக்கின்றன. நாகத்தின் விஷமோ சில மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடும். ஆகவே, வேறோர் உயிர் முன்னமே செய்து வைத்திருக்கும் எதிர்ப்பொருளைக் கடன் வாங்கி, கடியுண்டவனின் இரத்தத்தில் செலுத்துவது ஒன்றே வழி.

இந்த வழியைக் கண்டவர்கள் ஜெர்மனியில் ஒன்றாக உழைத்த இருவர். ஒருவர் எமில் வான் பேரிங். மற்றவர் ஜப்பானியராகிய ஷிபாஸாபுரோ கிட்டஸாட்டோ. தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் பழக்கப்படுத்திய பிராணியின் இரத்தத்தில் ஊறும் தெளிநீர், மற்றப் பிராணிகளை அந்நோய்களிலிருந்து காக்கும் என்று 1890-இல் அவர்கள் வெளியிட்டார்கள். வைத்தியத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்குக் கிடைத்தது. ஆசியாவின் அறிஞர் ஒருவர் சரிபாதி உழைத்த காரியத்துக்குப் பரிசு ஐரோப்பியர் ஒருவருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்ததையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இதே தத்துவத்தைப் பாம்பு விஷத்துக்குப் பிரயோகித்தவர்களில் முக்கியமானவர் ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் க்ஷயரோகத்துக்கான பி.ஸி.ஜி. ஊசியைக் கண்டவர்களில் ஒருவரும் இவரே. ஸைகோனில் இவர் பணிபுரிந்தபோது, வெள்ளத்துக்கு அஞ்சிய நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அதைக் கண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1890-களின் நடுவில் நாக விஷத்துக்கு முறி மருந்து பிறந்தது. எல்லாப் பாம்புகளின் விஷத்துக்கும் இந்த ஒரே மருந்து போதும் என்று கால்மெட் நம்பினார். இந்தியாவில் ஆராய்ச்சி நடத்திய ஜார்ஜ் லாம்ப் என்ற டாக்டர், நாகத்துக்குச் செய்த மருந்து கண்ணாடி விரியனின் விஷத்தை முறிப்பதில்லை என்று 1900-களின் தொடக்கத்திலேயே காட்டினார். ஒரு பாம்பின் விஷத்தால் பழக்கப்பட்ட இரத்தம், அந்தப் பாம்புக்கும் அதற்கு நெருங்கிய இனத்துக்கும்தான் முறியாகும். நமது கடற்கரையின் குறை முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருப்பதால், வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இருளரின் பானையும் குதிரையின் இரத்தமும்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். புழுதியில் பதிந்த தடத்தையும், வளையின் வாயில் கிடக்கும் எச்சத்தையும் பார்த்தே, உள்ளிருப்பது இன்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காக அவர்கள் பாம்புகளைக் கொன்று விற்று வந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. பிழைப்பை இழந்த அவர்களைக் கொண்டு, பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இச்சங்கம் பிறந்தது.

வனத்துறையின் அனுமதி பெற்று, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இவர்கள் பிடிக்கிறார்கள். பிடித்த பாம்பை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷத்தைக் கக்க வைக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிளில் அடையாளம் இட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் கையில் சிக்கினால், விஷம் எடுக்காமலே விடப்படும். இவ்வாறு எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கப்பட்டு, மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது. இந்தியாவில் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் நூற்றுக்கு 80 பங்கு அளவு இச்சங்கமே தருவதாகச் சொல்லப்படுகிறது. இருளர்களாகிய வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது, தகுதியறிந்து செய்த மரியாதையாகும்.

மருந்து செய்யும் இடத்தில் வேலை குதிரைக்கு. நான்கு பாம்புகளின் விஷத்தையும் முதலில் மிக அற்பமான அளவிலும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டியும் குதிரைக்கு ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். சில மாதங்களில் அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்துவிடும். அப்போது ஓரளவு இரத்தத்தை எடுத்து, அணுக்களைப் பிரித்து, தெளிநீரை மட்டும் கொள்கிறார்கள். இரைப்பையில் சுரக்கும் பெப்ஸின் என்ற செரிமானப் பொருளைக் கொண்டு எதிர்ப்பொருளின் வாலை நறுக்கிவிடுகிறார்கள். விஷத்தைப் பிடிப்பது கரங்களே. வாலோ மனித உடலில் வேண்டாத கலகத்தை விளைவிக்கக்கூடியது. இறுதியில் கிடைப்பதை உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் அடைக்கிறார்கள். பொடியாக இருப்பதால், மின்சாரம் நின்று போகும் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் அது கெடாமல் இருக்கும். தேவைப்படும்போது சுத்த நீரில் கரைத்து நரம்பு வழியே ஏற்றுவார்கள்.

தரையில் கிடைக்கும் உதவி

இராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட பூமியும், கண்மாய்க் கரையும், சீமைக் கருவேலம் அடர்ந்த பொட்டலும் பாம்புகளுக்கு உகந்த இடங்கள். வேலி முள்ளை வெட்டி விறகுக் கரி சுடும் கூலியாளும், பனங்காட்டில் ஓலை பொறுக்கும் பெண்ணும், வயலில் நீர் பாய்ச்சும் விவசாயியும் இவற்றின் நடுவேதான் பிழைக்கிறார்கள்.

விரியன் கடித்தால் இரத்தம் உறையும் சக்தியை இழக்கும். அதை அறிய டாக்டர்கள் செய்யும் சோதனை எளியது: உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் நோயாளியின் இரத்தத்தைச் சிறிது விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் தண்ணீர் போல் ஓடினால், விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கட்டுவிரியனின் வழி வேறு. பாயில் படுத்திருப்பவனை அது இரவில் கடிக்கும். வலியும் இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பவனின் கண்ணிமைகள் தாமாகச் சரியும்; பிறகு மூச்சு ஒடுங்கும். இதை அறியாமல் அஜீரணம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக் காலங்கடத்துவோர் பலர்.

விஷமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்குமேயன்றி, விஷம் முன்னமே கெடுத்துவிட்ட நரம்பையும் சதையையும் சிறுநீரகத்தையும் திருத்தாது. ஆகவே நேரமே உயிர். முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவது வழக்கம். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனெனில், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து கொடுப்பதில்லை. குதிரையின் புரதம் சிலருக்கு ஒவ்வாமல் போய், உடல் தடித்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்வதும் உண்டு. அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுள்ள டாக்டருக்கு அது சமாளிக்கக்கூடிய சங்கடமே. ஒவ்வாமைக்கு அஞ்சி மருந்தே கொடுக்காமல் நோயாளியைத் தூரத்து நகரத்துக்கு அனுப்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து.

கடலில் இல்லாத உதவி

இனிக் கடலுக்கு வருவோம். பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்பாம்புகள் பல இனமாக வாழ்கின்றன. துடுப்பைப் போல் தட்டையான வால் இவற்றின் அடையாளம். மீனைப் போல் நீருக்குள் மூச்சு விடுவதில்லை. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுத்துக்கொண்டு மீண்டும் மூழ்கும். இவற்றுள் அதிக அபாயமானது, மேலுதடு அலகு போல் வளைந்த ஓர் இனம். ஆங்கில நூல்களில் அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'வலகடியன்' என்பது. தமிழ்ச் சொல்லின் ஒலி அதில் தெளிவாகக் கேட்கிறது.

கடற்பாம்பு தானாக வந்து மனிதனைத் தாக்கும் ஜாதியன்று. வலையில் நசுங்கிக் கலவரப்பட்ட நிலையில்தான் கடிக்கிறது. கடித்தாலும் பல தடவை விஷத்தைச் செலுத்துவதில்லை. 1950-களிலும் 1960-களிலும் மலேயாவின் பினாங்கில், அலிஸ்டர் ரீட் என்ற டாக்டர் கடியுண்ட மீனவர் பலரைக் கவனித்து இவ்வுண்மைகளை எழுதி வைத்தார். ஆனால் விஷம் இறங்கிவிட்டால் கதை வேறு. கடித்த இடத்தில் முள் குத்தியது போன்ற அடையாளமே இருக்கும். வலியும் வீக்கமும் இல்லை. மீனவன் அதைச் சட்டை செய்யாமல் வேலையைத் தொடர்வான். அரைமணியிலோ சில மணி நேரத்திலோ கழுத்தும் தோளும் தொடையும் வலிக்கத் தொடங்கும், உடம்பு விறைக்கும், வாயைத் திறக்க முடியாது. பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கும். விஷம் சதையைக் கரைக்க, கரைந்த சதையின் நிறப்பொருள் சிறுநீரகத்தை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். மூச்சுத் தசைகள் ஓய்வதாலோ, சிறுநீரகம் நின்று போவதாலோ, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயம் தடுமாறுவதாலோ மரணம் நேரும்.

இந்த நோயாளிக்கு நமது ஆஸ்பத்திரியிலுள்ள நான்கு பாம்பு மருந்து உரியதன்று. அதைச் செய்யும் குதிரைக்குக் கடற்பாம்பின் விஷம் காட்டப்படவே இல்லை. லாம்ப் கண்ட விதி இங்கேதான் மீனவன் தலையில் விடிகிறது. செயற்கைச் சுவாசமும் இரத்தச் சுத்திகரிப்பும் அளித்து, விஷம் தானாகத் தணியும் வரையில் உயிரைத் தாங்கிப் பிடிப்பதே டாக்டரால் செய்யக்கூடியது. இராமநாதபுரத்தில் 2022-இல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது இவ்வகையில் பெரிய அனுகூலம். எனினும் தனுஷ்கோடிக்கு அப்பால் வலை விரித்தவன் கரை சேர்ந்து, இராமேசுவரத்திலிருந்து பாம்பன் பாலம் கடந்து, 50 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்.

கடற்பாம்புக்கு விஷமுறி செய்யவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அது செய்யப்படுகிறது. அதற்குக் குதிரையைப் பழக்கியது மேலே சொன்ன வளைந்த அலகுள்ள இனத்தின் விஷத்தைக் கொண்டே. அந்த விஷத்துக்குச் செய்த மருந்து மற்றக் கடற்பாம்புகள் பலவற்றின் விஷத்தையும் முறிக்கிறது. இனம் நமது கடலில் இருக்கிறது, வித்தை நமது கம்பெனிகளுக்குத் தெரியும், குதிரையும் இருக்கிறது. இல்லாதது முயற்சி ஒன்றே.

எண்ணப்படாத மரணம்

முயற்சி ஏன் இல்லை? கடற்பாம்புக் கடி மிகச் சொற்பம், மருந்து செய்தால் விற்காது என்பது சொல்லப்படக்கூடிய சமாதானம். சொற்பம் என்று எதை வைத்துச் சொல்வது? தரைப் பாம்பின் கதையைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பியிருந்த வரையில், பாம்புக் கடியால் இறப்போர் தொகை சிறிதாகவே தோன்றியது. வீடு வீடாக விசாரித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2020-இல் வெளியானபோது, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று தெரியவந்தது. எண்ணாத மரணம் சர்க்காரின் கண்ணுக்கும் தெரியாது, வியாபாரியின் கண்ணுக்கும் தெரியாது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2030-க்குள் மரணத்தையும் அங்கஹீனத்தையும் பாதியாகக் குறைக்க இந்திய சர்க்கார் 2024-இல் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக் கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இனி ஆஸ்பத்திரிகள் இதைப் பதிவு செய்து தெரிவிக்கக் கடமைப்பட்டவை. நல்ல காரியம், ஆனால், அப்பதிவில் கடற்பாம்புக்கும் தனிக் கட்டம் ஒன்று வேண்டும். வெறுமனே பாம்புக் கடி என்று எழுதிவிட்டால், மீனவனின் மரணம் விவசாயியின் மரணத்தோடு கலந்து மறைந்துபோகும்.

தரைப் பாம்பின் மருந்திலும் குறை உண்டு. ஒரே இனத்துப் பாம்பாயினும், விஷத்தின் சேர்க்கை பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுகிறது என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு விஷத்தால் பழகிய குதிரையின் மருந்து, தொலைவிலுள்ள மாகாணங்களில் சில பாம்புகளிடம் சக்தி குன்றி நிற்கிறது. அந்தந்தப் பிரதேசத்துக்கு ஏற்ற மருந்து வேண்டும் என்று அறிஞர்கள் கூறுகையில், கடலையும் ஒரு பிரதேசமாகக் கொள்ள வேண்டும் என்று நாம் சேர்த்துச் சொல்கிறோம்.

குதிரை இல்லாத மருந்து

புதிய மார்க்கம் ஒன்றும் திறந்திருக்கிறது. பலவகை எதிர்ப்பொருள்களின் கலவைக்குப் பதிலாக, சிறந்த ஒன்றை மட்டும் பொறுக்கி, அணுக்களை வளர்க்கும் பாத்திரத்தில் அளவின்றிப் பெருக்குவதே அது. வெறிநாய்க் கடிக்கு இவ்வகையில் செய்த எதிர்ப்பொருள், பூனாவின் ஸீரம் ஸ்தாபனத்தாரால் சில ஆண்டுகளுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. நாகம், கட்டுவிரியன் முதலிய குடும்பத்துப் பாம்புகளிடம் பொதுவாகவுள்ள ஒரு நரம்பு விஷத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் பெங்களூர்க் கழகத்தாரும் சேர்ந்து 2024-இல் வெளியிட்டார்கள். இது எலிகளைக் காத்திருக்கிறது. மனிதருக்கு இன்னும் வரவில்லை. கடற்பாம்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதே வகை நரம்பு விஷம் அதனிடமும் உண்டு. ஆதலின் இவ்வாராய்ச்சியில் நமது கடலின் பாம்புகளையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது நியாயமே. ஆயினும், சதையைக் கரைக்கும் விஷத்துக்கு வேறோர் எதிர்ப்பொருளும் தேவைப்படும். பூரண மருந்து வரும் வரையில் மீனவன் காத்திருக்க முடியாது. குதிரையே இன்றைய துணை.

செய்ய வேண்டியது

நமது யோசனை இது. பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. வலையில் சிக்கும் கடற்பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றிக் கடலில் எறிவதே இன்று வழக்கம்; அந்த நேரத்திலேயே கடி நேர்கிறது. வனத்துறையின் அனுமதியோடு, பயிற்சி பெற்ற சிலர் அவற்றைப் பத்திரமாக வாங்கி, விஷம் எடுத்து, மீண்டும் கடலில் விடும்படி ஓர் ஏற்பாட்டை வடநெம்மேலியின் மாதிரியில் ஏன் செய்யக் கூடாது? ஒரு கடற்பாம்பு தரும் விஷம் மிகச் சொற்பமே. ஆனால் குதிரையைப் பழக்க வேண்டுவதும் சொற்பமே. இருளர்கள் கொலைத் தொழிலை உயிர்காக்கும் தொழிலாக மாற்றிக் காட்டியதைக் கடற்கரை மக்களும் செய்யலாம். வியாபாரிக்கு லாபமில்லாத மருந்தைச் செய்விப்பது சர்க்காரின் கடமை. குறைந்த அளவில் செய்து, இராமநாதபுரம் முதல் நாகப்பட்டினம் வரை சில ஆஸ்பத்திரிகளில் வைத்தாலும் போதும்.

தேசத் தொண்டர்கள் இன்றே செய்யக்கூடிய வேலையும் உண்டு. மடி இழுக்கும் படகுகளில் மீன் பிரிப்போர் தடித்த கையுறை அணியும்படி வற்புறுத்த வேண்டும். கடி எதுவாயினும், தரையிலானாலும் கடலிலானாலும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு விளைவிப்பவை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கடியுண்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, மந்திரிப்பவரின் வாசலில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துப் போக வேண்டிய அவசியமில்லை. கடற்பாம்பு கடித்தவன் வலியில்லை என்று சொன்னாலும், வலைவேலையை விட்டுக் கரை திரும்பச் செய்ய வேண்டும். சிறுநீரின் நிறம் மாறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.

இவற்றோடு, ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் கடற்பாம்புக் கடியைத் தேதியோடும் விளைவோடும் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும். சட்டசபையில் கேள்வி கேட்கும் அங்கத்தினர் கையில் அதைக் கொடுத்தால், கடி சொற்பம் என்னும் சமாதானத்துக்கு அங்கேயே பரீக்ஷை நடந்துவிடும். தேசம் முழுவதும் பிழைத்தெழும் விஷக்கடி நோயாளிகளின் நரம்பில் ஓடும் மருந்துக்குத் தமிழ்நாட்டு இருளனின் உழைப்பு மூலமாக இருக்கிறது. அந்த உழைப்பின் பலன் தமிழ்நாட்டு மீனவனுக்கும் எட்ட வேண்டும் என்று கேட்பது சலுகையன்று, நியாயமான பங்கு. அதைக் கணக்கோடு கேட்போமாக.